பன்னிரண்டாம் நாற்காலி

பெரிய சிஸ்டருக்குத் தன் அண்ணி மேல் இருந்த கோபத்தை அளந்து பார்த்தால் அரை நொடிதான் தேறும். ஆனால் அந்த அரை நொடியை அவள் இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தாள். சுமை பெரிதில்லை என்று இறக்கி வைக்கிற ரகமும் இல்லை அவள்.

விஷயம் இதுதான். அது ஒரு டயாலிசிஸ் நிலையம். சிறுநீரகம் கைவிட்டுவிட்டவர்களை உட்கார வைத்து, அவர்கள் ரத்தத்தை மெஷின் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே அனுப்புகிற இடம். பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மெஷின், அறுபத்து நான்கு நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

அந்த நிலையத்துக்குத் தலைமைச் செவிலி பெரிய சிஸ்டர். பதினோரு வருடம் அவள் பொறுப்பில் இருந்தும், ஒருவர் ரத்தத்தில் இருந்த நோய் இன்னொருவருக்கு ஒட்டியதில்லை. தன் வாயால் அதைச் சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் யாராவது மேலதிகாரி வருகிறார் என்றால், அந்தப் பதிவேடு மட்டும் எப்படியோ மேஜை மேல் திறந்து கிடக்கும்.

நிலையத்தின் மென்பொருளை எழுதியவள் அவளுடைய அண்ணி. யார் எப்போது வர வேண்டும், எந்த மெஷின், எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், எல்லாம் அதில்தான். மெஷினை ஓட விடுவதற்கு முன் அது ஒவ்வொரு தடவையும் கேட்கும்: ‘இவர்தானா?’ பெரிய சிஸ்டர் தட்டுவாள். உடனே இன்னொன்று கேட்கும்: ‘இன்று இந்த இடம்தானா?’ மறுபடியும் தட்ட வேண்டும். அந்த இரண்டாவது தட்டுதான் நான் சொன்ன அரை நொடி.

“ஏன் அண்ணி, பதினோரு வருஷமா அவங்கவங்க நாற்காலியில அவங்கவங்கதான் உக்காந்திருக்காங்க. உங்க சாஃப்ட்வேருக்கு மட்டும் தினமும் சந்தேகமா?” என்று வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்பாள்.

“சந்தேகம் இல்ல, மரியாதை. கேட்டுட்டுச் செய்யுது” என்பாள் அண்ணி.

“வாரத்துக்கு இருநூறு தடவை மரியாதை பண்ணுது. கை வலிக்குது.”

அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவே எந்தப் பக்கம் தலையாட்டினாலும் கழுத்துக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரியும்.

கோபத்துக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. அந்த மென்பொருளை எழுத ஒப்புக்கொண்ட புதிதில் அண்ணி மூன்று மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. தினமும் காலையில் வருவாள், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆமாம், சுவரைத்தான். அப்போது வேறொரு பழைய மென்பொருள் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் திரையைச் சுற்றியும், பின்னாலிருந்த சுவரிலும், மஞ்சள் சீட்டுகள் செதில் செதிலாக ஒட்டியிருந்தன. ‘மூணாம் நாற்காலி: எடையில் ரெண்டு கிலோ கழிக்கவும், செயற்கைக் கால்.’ ‘டாக்டர் மாறிவிட்டார், ஆனால் பழைய டாக்டர் பெயரையே அடிக்கவும்.’ ‘வியாழன் வருகிறவர்களை வெள்ளி என்று போடவும், இல்லாவிட்டால் ஏற்காது.’ இப்படி நாற்பத்தொரு சீட்டு. அண்ணி ஒவ்வொன்றையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“குப்பையை ஏன் அண்ணி எழுதுறீங்க?”

“இது குப்பை இல்ல. உங்க வேலை ஒரு பக்கம் நகர்ந்திருக்கு, புரோகிராம் நகர மாட்டேன்னு நின்னுருக்கு. நடுவுல விழுந்த விரிசல்ல எல்லாம் நீங்க பேப்பர் ஒட்டி அடைச்சிருக்கீங்க.”

அதோடு விடவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் காட்டி ஒரே கேள்வி கேட்பாள்: “இது கடைசியா எப்ப மாறுச்சு?” மேலிடத்துக்கு அனுப்புகிற படிவம் எப்போது மாறியது? போன வருடம் இரண்டு தடவை. மெஷின் கம்பெனி? ஐந்து வருடத்துக்கு முன்னால். ஷிப்ட் நேரம்? பஸ் நேரம் மாறும்போதெல்லாம். ஊசி குத்துவதற்கு முன்னால் எடை பார்ப்பது?

“அது எப்படி அண்ணி மாறும்? அது மாறாது.”

“அப்படியா!” என்று அண்ணி புதையல் கிடைத்தவள் போல அதை நோட்டின் வேறொரு பக்கத்தில் எழுதிக்கொண்டாள். மாறுகிற பக்கம் நிறைந்து வழிந்து அடுத்த நோட்டுக்குப் போயிற்று. மாறாத பக்கத்தில் மூன்று மாத முடிவில் ஏழெட்டு வரிதான் இருந்தது. ஒரு ஆள். ஒரு மெஷின். ஒரு நேரம். பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர். அந்த ஆளுக்கு எது ஆகும், எது ஆகாது.

“மூணு மாசத்துக்கு இவ்வளவுதானா?” என்று பெரிய சிஸ்டர் சிரித்தாள்.

“இதை நடுவுல வெச்சுக் கட்டுவேன். மத்ததெல்லாம் இதைச் சுத்தி ஓரத்துல நிக்கும். ஓரத்துல இருக்கிறதுக்கு நடுவுல இருக்கிறதைத் தெரியும். நடுவுல இருக்கிறதுக்கு ஓரத்துல யார் நிக்குறாங்கன்னே தெரியாது. அப்பத்தான் ஓரத்துல ஒண்ணைக் கழட்டி வேற மாட்டினாலும் நடு அசையாது.”

“நடு, ஓரம், என்னமோ கோலி விளையாடுற மாதிரி சொல்றீங்க.”

பெரிய சண்டை நாற்காலியில்தான் வந்தது. அந்த நிலையத்தில் நோயாளிகளை நாற்காலி எண்ணால்தான் சொல்வார்கள். “அஞ்சுக்கு பிரஷர் இறங்குது.” “ஒன்பது இன்னும் வரல.” ஆளும் நாற்காலியும் ஒன்றாகவே ஒட்டிப்போயிருந்தன. வெவ்வேறு ஷிப்டில் வருகிற ஆட்களைக்கூட ‘காலை அஞ்சு’, ‘மதியம் அஞ்சு’ என்பார்கள்.

பன்னிரண்டுக்கு மட்டும் எல்லா ஷிப்டுக்கும் சேர்த்து ஒரே ஆள்தான். அது ஒரு கண்ணாடி அறைக்குள் தனியாக இருந்தது. அதில் உட்காருகிறவர் ஒரு தையல்காரம்மா. கல்லீரலைக் கெடுக்கிற ஒரு கிருமி அவர் ரத்தத்தில் சத்தமில்லாமல் தங்கியிருந்தது. அவருக்கு அதனால் தொந்தரவில்லை. ஆனால் அவருக்குப் பயன்படுத்தும் மெஷினை அந்தக் கிருமி இல்லாத இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது. அதனால்தான் கண்ணாடி அறை. அவர் அந்த நான்கு மணி நேரமும் ஊசி குத்தாத கையால் துணிகளைத் தடவித் தடவி அளவு பார்த்துக்கொண்டிருப்பார்.

“நாற்காலின்னு ஒண்ணே ஒண்ணு வெச்சுக் கட்டிடுங்க அண்ணி. நாற்காலியைத் தட்டினா ஆள் வரணும், அவ்வளவுதான்” என்றாள் பெரிய சிஸ்டர்.

“பன்னிரண்டு ஏன் தனி அறையில இருக்கு?”

“ஏன்னா அது தனி.”

“எது தனி? நாற்காலியா, அதுல உக்கார்றவங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானே!”

“இன்னிக்கு ஒண்ணு” என்றாள் அண்ணி. பெரிய சிஸ்டர் சொன்னபடி அவள் கேட்கவும் இல்லை. ஆளைத் தனியாக, மெஷினைத் தனியாக, இடத்தைத் தனியாக வைத்துக் கட்டினாள். மூன்றையும் அன்றன்றைக்கு மட்டும் முடிச்சுப் போட்டு அன்றன்றைக்கே அவிழ்த்துவிட்டாள். அந்த முடிச்சுப் போடுகிற இடத்தில்தான் பெரிய சிஸ்டரின் அரை நொடி மாட்டிக்கொண்டது.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் ஓரவஞ்சனை செய்தவளாகிவிடுவேன். இந்த இரண்டு வருடத்தில் படிவம் மூன்று தடவை மாறியது, டாக்டர் மாறினார், செயற்கைக் கால்காரர் புதுக் கால் வாங்கினார். அண்ணி ஒவ்வொரு முறையும் வருவாள், ஏதோ ஓர் ஓரத்தைத் தொடுவாள், டீ ஆறுவதற்குள் எழுந்து போய்விடுவாள். திரையைச் சுற்றி ஒரு சீட்டுகூட முளைக்கவில்லை. பெரிய சிஸ்டர் இதைக் கவனித்தாள். வாய்விட்டுச் சொல்லத்தான் மனது வரவில்லை.

அப்போதுதான் தண்ணீர் கெட்டது.

டயாலிசிஸுக்கு மருந்தைவிடத் தண்ணீர் முக்கியம். அதுவும் மிகச் சுத்தமான தண்ணீர். தெருவில் சாலைக்காகத் தோண்டினார்கள். நிலையத்தின் நிலத்தடித் தொட்டியில் விரிசல் விட்டது. சனிக்கிழமை காலை தண்ணீரைச் சோதித்த டாக்டர் வெளியே வந்து, “இன்னியோட நிறுத்துறோம். இரண்டு வாரமாவது ஆகும்” என்றார்.

ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை ஆறு மணிக்கு முதல் பன்னிரண்டு பேர் வந்து நிற்பார்கள். யாரிடமும் ‘இரண்டு வாரம் கழித்து வாங்க’ என்று சொல்ல முடியாது.

ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரி தன் டயாலிசிஸ் வார்டைத் திறந்துவிட ஒப்புக்கொண்டது. அங்கே நாற்காலி இல்லை, படுக்கைகள், வரிசையாகப் பதினான்கு. மெஷின் வேறு கம்பெனி. அவர்களுடைய நோயாளிகள் போக மீதி நேரத்தில்தான் இவர்கள் நுழைய வேண்டும்.

பெரிய சிஸ்டர் அண்ணிக்குப் போன் செய்தாள். “மெஷினே வேற. மறுபடியும் மூணு மாசம் சுவரைப் பார்ப்பீங்களா?”

“நாளைக்குக் காலையில அங்க வரேன். ஒரு மெஷினைத் தொட விடச் சொல்லு, போதும்.”

ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஒரு ஸ்டூலைப் போட்டு அந்த மெஷின் எதிரே உட்கார்ந்தாள். இந்த மெஷின்கள் ரத்த அழுத்தத்தையும் எடுத்த நீரின் அளவையும் தம் பாஷையில் சொல்லும். பழைய மெஷின் ஒரு பாஷை, இது வேறு பாஷை. அவள் செய்தது நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தது மட்டும்தான். மாலை மூன்று மணிக்கு மெஷின் பேசியது, திரை புரிந்துகொண்டது.

“மத்ததெல்லாம்?” என்றாள் பெரிய சிஸ்டர்.

“மத்தது எதையும் தொடல. தொட வேண்டாம்னுதானே அப்படிக் கட்டினேன். புது வார்டுல பதினாலு இடம், இந்தந்த நேரம் காலின்னு சேர்த்திருக்கேன். யார் எங்கன்னு நீ போடு.”

பெரிய சிஸ்டருக்கு அப்போதுதான் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. நோயாளிகள் வயதானவர்கள், புது இடத்தில் குழம்புவார்கள். அதனால் நாற்காலி எண்தான் படுக்கை எண். அஞ்சாம் நாற்காலிக்கு அஞ்சாம் படுக்கை. நேரம் குறைந்ததால் மிஞ்சிப்போன சிலரை மட்டும் அந்தந்த நேரத்தில் காலியாக இருந்த படுக்கைகளில் போட்டாள். எவ்வளவு எளிது! ஒரு பெரிய அட்டையில் எழுதி வார்டு வாசலில் மாட்டினாள். சின்னச் செவிலிகள் கைதட்டினார்கள். டாக்டர்கூட, “சபாஷ்” என்றார். பெரிய சிஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

நீங்கள் இப்போது உள்ளுக்குள் திடுக்கிட்டிருப்பீர்கள். அங்கே இருந்த ஒருவரும் திடுக்கிடவில்லை. பதினோரு வருடமாக அவர்கள் ஆளை நினைவில் வைத்ததில்லை, நாற்காலியைத்தான் வைத்திருந்தார்கள். ஆபத்து கண்ணாடி அறைக்குள் இருந்தது, அந்த அறையைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை வார்டு சந்தை மாதிரி இருந்தது. போர்வை கேட்கிறவர், ஜன்னல் பக்கம் கேட்கிறவர், ‘என் நாற்காலி எங்கே’ என்று அழுகிறவர். செயற்கைக் கால்காரர் பழைய பஸ் டிரைவர். அவர், “என்ன சிஸ்டர், ரூட் மாத்திட்டீங்க, போர்டு வைக்கலியே?” என்று அந்த அமளியிலும் சிரிக்க வைத்தார். பெரிய சிஸ்டர் ஒவ்வொரு படுக்கையாக வந்தாள். இவர்தானா? தட்டு. இந்த இடம்தானா? தட்டு. பதினோரு பேர் ஆயிற்று. பன்னிரண்டாம் படுக்கையில் தையல்காரம்மா முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுத் தயாராகப் படுத்திருந்தார். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒரு காலிப் படுக்கை.

இவர்தானா? தட்டினாள். இந்த இடம்தானா? தட்டினாள்.

திரை ஓடவில்லை. சிவப்பாக ஒரு வரி நின்றது: ‘இவருக்குத் தனி மெஷின் தேவை. இந்த மெஷினுக்கு இன்று மதியம் வேறு ஒருவர் வருகிறார்.’

“அதானே பார்த்தேன்!” என்றாள் பெரிய சிஸ்டர். மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே வரி. பின்னால் யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவள் போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டாள்.

“உங்க சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுது அண்ணி. புது இடம்னு தெரியாம முழிக்குது. சீக்கிரம் அதைத் திறந்து விடுங்க.”

“யாருக்கு நிக்குது?”

“பன்னிரண்டுக்கு.”

“நான் படுக்கையைக் கேக்கல. ஆள் யாரு?”

“அதான் சொல்றேனே, பன்னிரண்…” என்று ஆரம்பித்த பெரிய சிஸ்டரின் வாய் அப்படியே நின்றது. அவள் திரும்பிப் படுக்கையைப் பார்த்தாள். கண்ணாடி இல்லை. அறை இல்லை. வரிசையின் நடுவே, மதியம் இன்னொருவர் வரப்போகிற மெஷினோடு, ஊசிக்குக் கை நீட்டியபடி தையல்காரம்மா.

பெரிய சிஸ்டர் ஊசித் தட்டைத் தள்ளி வைத்தாள். பதினோரு வருடப் பதிவேடு கண் முன்னால் ஒரு நொடி புரண்டது. அதற்குப் பின்னால் மதியம் அந்தப் படுக்கைக்கு வரவேண்டிய கணக்கு வாத்தியாரின் முகம் வந்தது. அவருக்குப் பேத்தி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

“அண்ணி,” என்றாள், குரல் இறங்கி, “திறந்து விட வேண்டாம்.”

“சரி. ஊசி போட்டாச்சா?”

“இல்ல. இன்னும் எதுவும் தொடல.”

“அப்போ ஒண்ணும் ஆகல. மெதுவா மூச்சு விடு. அந்த ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னு ஒரு தனி மெஷின் இருக்கும், கேளு.”

இருந்தது. வார்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே அந்த ஆஸ்பத்திரியின், இதே கிருமி உள்ள நோயாளி ஒருவர் முடித்து எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பெரிய சிஸ்டர் தையல்காரம்மாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“மன்னிச்சுக்குங்கம்மா. என் தப்பு. உங்களுக்கு வேற அறை.”

“நான் கேட்டேன் கண்ணு,” என்றார் அந்த அம்மா சாதாரணமாக. “என்னை எப்பவும் தனியாத்தானே வைப்பாங்கன்னு கேட்டேன். அந்தச் சின்னப் பொண்ணு, ‘பன்னிரண்டுன்னா பன்னிரண்டுதான் பாட்டி, போர்டுல போட்டிருக்கு’ன்னுடுச்சு. சரி, கிருமி போயிடுச்சு போலன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டேன்.”

பெரிய சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருடமாக அந்தக் கையில் எத்தனையோ தடவை ஊசி குத்தியிருக்கிறாள். விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். அவை தையல் ஊசியின் தழும்புகள்.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பின்னறையில் திரை கேட்டது: இவர்தானா? இன்று இந்த இடம்தானா? இரண்டாவது கேள்விக்கு பெரிய சிஸ்டர் உடனே தட்டவில்லை. அறையைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு தட்டினாள். மெஷின் ஓடியது. வாசலில் மாட்டியிருந்த அட்டையை அன்று மதியத்துக்குள் அவளே கிழித்துப் போட்டாள்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனவள், காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றாள். “அண்ணி, தண்ணி கெடும், வார்டு மாறும், நான் இப்படி ஒரு கூத்து அடிப்பேன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியக்காரியா?”

“அப்புறம் எப்படி?”

அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “என்ன மாறும்னு தெரியாதுடி. எதெது மாறாதுன்னு நீதான் சொன்னே. அந்தம்மாவுக்கு எது ஆகாதுங்கிறது, அவங்க எங்க உக்காந்தாலும் அவங்க கூடவே போகும். நாற்காலி கூடப் போகாது. அதை மட்டும் பத்திரமா வெச்சேன். மிச்சத்தைக் கழட்டுற மாதிரி வெச்சேன்.”

“அம்மாடி!” என்றாள் பெரிய சிஸ்டர். அந்த ஒரு சொல்லில் இரண்டு வருட அரை நொடிகள் அத்தனையும் கரைந்துபோயின.

“என் பொண்டாட்டியை என் தங்கச்சி புகழ்றா. மணி என்னன்னு பார்த்து எழுதி வைக்கணும்” என்றார் அண்ணன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி முறைத்தார்கள். அவர் மறுபடி தட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது.

அண்ணி வார்டைப் பார்க்க வந்தாள். கம்ப்யூட்டர் பக்கம் போனவள், விசைப்பலகை லேசாக ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அடியில் கையை விட்டாள். ஒரு மஞ்சள் சீட்டு வந்தது. பெரிய சிஸ்டரின் கையெழுத்து: ‘டிரைவர், வாத்தியார், தையல்காரம்மா மூவருக்கும் வேன். முடிகிற நேரம் தள்ளிப்போனால் வேன்காரருக்குச் சொல்லவும்.’ பழைய நிலையத்துக்கு எல்லோரும் நடந்தோ பஸ்ஸிலோ வந்தார்கள். வேன் என்ற ஒன்று யார் நினைவிலும் இருந்ததில்லை. மென்பொருளிலும் அதற்கு இடமில்லை.

திருட்டு அகப்பட்டதுபோல பெரிய சிஸ்டர் விழித்தாள். “இல்ல அண்ணி… அவ்வளவு அருமையா கட்டியிருக்கீங்க. அதுல போய் ஒரு சீட்டு ஒட்டினா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு…”

“அடிப் பாவி!” என்றாள் அண்ணி. வார்டே திரும்பிப் பார்த்தது. “மூணு மாசம் நான் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னது எதுக்கு? நீ மறைச்சா எனக்கு எப்படித் தெரியும் வேலை எந்தப் பக்கம் நகருதுன்னு? நீ மரியாதை பண்ணி மரியாதை பண்ணியே இதைக் கொன்னுடுவே போல.”

அவள் அந்தச் சீட்டைக் கிழியாமல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு கைப்பையைத் துழாவி, பிரிக்காத மஞ்சள் சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல எழுது. எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி ஒட்டு.”

“எத்தனை சீட்டு வரைக்கும் தாங்குவீங்க?”

“நீ எழுதிக் களைக்கிற வரைக்கும்.”

பெரிய சிஸ்டர் கட்டைப் பிரித்தாள். அப்போது வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. சின்னச் செவிலி எட்டிப் பார்த்து, “சிஸ்டர், பன்னிரண்டு…” என்று தொடங்கினாள்.

“யாரு?” என்றாள் பெரிய சிஸ்டர்.

“தையல்காரம்மா வந்துட்டாங்க சிஸ்டர்.”

“இதோ வரேன்னு சொல்லு.” பேனாவை மூடிவிட்டு அவள் பின்னறைக்கு நடந்தாள்.